துப்பாக்கி மருந்தின் வேகம்

பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மாணவர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் உதகைக்குச் சென்றேன். குன்னூரைத் தாண்டி, வெலிங்டனையும் தாண்டி, அருவங்காடு நிலையத்தில் வண்டி நின்றது. மரங்களுக்கிடையே தொழிற்சாலையின் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று எட்ட விலகி நிற்பதைப் பார்த்த ஒரு மாணவன், "ஐயா, இங்கே என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டான். "கார்டைட் என்னும் துப்பாக்கி மருந்து, தம்பி" என்றேன். "பட்டாசில் போடுகிறார்களே, அந்த மருந்துதானா?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. வண்டி புறப்படும் அவசரத்தில் "ஏறத்தாழ அதுதான்" என்று சொல்லிவிட்டேன். அது தவறான விடை. வகுப்பறையில் சொன்ன தவற்றை மறுநாளே திருத்திவிடலாம். ரயிலில் சொன்னதைத் திருத்த எனக்கு வாய்க்கவில்லை. அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறானோ அறியேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்தை உலகம் பல நூற்றாண்டுகள் பயன்படுத்தியது. அதன் புகையைப் பற்றிப் பாடநூல்கள் சொல்கின்றன. அதன் வேகத்தைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. துப்பாக்கியில் மருந்து "வெடிக்கிறது" என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது எரியத்தான் வேண்டும். வெடித்துவிட்டால் குண்டு போகுமுன் குழல் போய்விடும். குண்டு குழலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். அந்தச் சிறுபொழுதுக்குள் மருந்து எரிந்து வாயுவாக வேண்டும். முழுவதும் முதல் நொடிப்பிலேயே எரிந்துவிட்டால் அழுத்தம் ஏறிக் குழல் பிளக்கும். மிக மந்தமாக எரிந்தாலோ, குண்டு வெளியேறிய பின்னும் பாதி மருந்து எரிந்துகொண்டிருக்கும். ஆகவே எத்தனை மருந்து என்பதோடு கேள்வி முடிவதில்லை. எவ்வளவு விரைவாக எரியும் மருந்து என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை மனிதர்கள் கேட்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான்.

1844ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றில் "பிரின்ஸ்டன்" என்னும் போர்க்கப்பல் விருந்தினரை ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணம் போயிற்று. ஜனாதிபதி ஜான் டைலரும் கப்பலில் இருந்தார். அக்கப்பலின் பெரிய பீரங்கிக்கு "சமாதானம் செய்விப்பவன்" என்று பொருள்படும் பெயர் இட்டிருந்தார்கள். விருந்தினர் விரும்பியபடி அதை மீண்டும் ஒருமுறை சுட்டபோது பீரங்கி சிதறியது. வெளிநாட்டு மந்திரி அப்ஷரும், கடற்படை மந்திரி கில்மரும், ஜனாதிபதியின் ஊழியராக இருந்த ஆர்மிஸ்டெட் என்னும் கறுப்பின அடிமையும் உள்ளிட்ட அறுவர் மாண்டனர். ஜனாதிபதி அந்த வேளையில் கீழ்த்தளத்தில் இருந்தமையால் பிழைத்தார்.

இரும்பின் குறையே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கூறினர். அது மெய்யே. அந்நாளில் இளம் படைக்கல அதிகாரியாக இருந்த தாமஸ் ராட்மன் என்பவரும் முதலில் இரும்பைத்தான் ஆராய்ந்தார். பீரங்கியை உட்புறத்திலிருந்து குளிரச் செய்து வார்க்கும் முறையைக் கண்டார். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. பாத்திரம் உடைந்தால் பாத்திரத்தை மட்டும் பார்ப்பதா, உள்ளே கொதித்ததையும் பார்ப்பதா? பீரங்கியின் சுவரில் துளையிட்டு, அதில் ஓர் உருளையைப் பொருத்தி, உருளையின் முனையிலிருந்த கத்தி ஒரு செப்புத் துண்டின்மேல் அழுந்துமாறு செய்தார். சுட்ட பின் செம்பில் பதிந்த வெட்டின் நீளத்தை அளந்து, அதே அளவு வெட்டை உண்டாக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்று பார்த்தால், குழலுக்குள் எழுந்த அழுத்தம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு செப்புத் துண்டைக்கொண்டு அளந்த இந்த யுக்தியை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

அளக்கத் தொடங்கியதும் உண்மை தெரிந்தது. சிறு மணிகளாக உள்ள மருந்து சடுதியில் எரிகிறது. பெரிய கட்டிகளாக உள்ளது மெல்ல எரிகிறது. வாயில் இட்ட கற்கண்டையும், அதே எடையுள்ள பொடித்த சர்க்கரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்பரப்பு எவ்வளவோ அவ்வளவே கரைவு. மருந்தும் மேற்பரப்பிலிருந்துதான் எரிகிறது. ஆனால் கற்கண்டு கரையக் கரையச் சிறுத்துப்போகும், மேற்பரப்பும் குறையும். குண்டு முன்னே ஓட ஓட அதன் பின்னுள்ள இடம் பெருகுகிறதல்லவா? அந்த நேரத்தில் வாயு குறைவாகப் பிறப்பது நமக்கு வேண்டியதற்கு நேர்மாறானது.

இதற்கு ராட்மன் கண்ட வழி எளியது. மருந்துக் கட்டியில் துளைகள் இட்டார். நம் வீட்டு உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறமும் துளையின் உட்புறமும் ஒரே சமயத்தில் எரிந்தால், வெளிப்புறம் சுருங்கும்போது துளை விரியும்; ஒன்றின் குறைவை மற்றொன்று ஈடு செய்யும். ஒரு துளைக்குப் பதில் பல துளைகள் இருந்தால், எரிய எரிய மேற்பரப்பு கூடவே செய்யும். 1860ஐ ஒட்டி வெளிவந்த இந்த எண்ணம்தான் பின்னர் வந்த பல துப்பாக்கி மருந்துகளுக்கு அடிப்படை.

இதற்கிடையே ரசாயன நூலார் வேறொரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தனர். 1846இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஷோன்பைன் என்னும் பேராசிரியர், அமிலங்களில் நனைந்த பஞ்சு கருமருந்தைவிட ஆற்றலுடன் எரிவதை அறிவித்தார். அவர் மனைவியின் சமையல் மேலாடை அடுப்பருகில் எரிந்து மறைந்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கதை சுவையானது, நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. புகையற்ற அந்த வெடிபஞ்சைச் செய்யப் பல நாட்டாரும் விரைந்தனர். மறு ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஆலை வெடித்துப் பலர் உயிரிழந்தனர். ஆஸ்திரியர் விடாமல் முயன்று, கிடங்குகள் வெடித்த பின் கைவிட்டனர். பஞ்சின் நார்களுக்கிடையே எண்ணற்ற இடுக்குகள் உள்ளன. நெருப்பு அவற்றினூடே நொடியில் புகுந்துவிடும். ராட்மன் கேட்ட அதே கேள்விதான் இங்கும் எழுந்தது: இதன் வேகத்தை எப்படி அடக்குவது?

விடை கண்டவர் பிரெஞ்சுக்காரரான பால் வியேய். 1884இல் அவர் வெடிபஞ்சின் நார்த்தன்மையையே அழித்தார். அதைக் கூழாக்கி, தகடாக இழைத்து, சிறு வில்லைகளாக வெட்டினார். இடுக்குகள் இல்லாத அந்த வில்லை மேற்பரப்பிலிருந்து மட்டும் அடுக்கடுக்காக எரிந்தது. 1886இல் பிரான்ஸ் அம்மருந்தைக்கொண்டு லெபெல் துப்பாக்கியை வெளியிட்டது. அதற்கு முன்பிருந்த கிராஸ் துப்பாக்கியின் குழல் 11 மில்லிமீட்டர். புதியதன் குழல் 8 மில்லிமீட்டர். குண்டின் வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டரிலிருந்து 600க்கு மேல் ஏறியது. குழல் சிறுத்து வேகம் பெருகும் போக்கு இங்கேதான் தொடங்குகிறது.

நோபல் 1887இல் பாலிஸ்டைட்டைச் செய்தார்; 1889இல் இங்கிலாந்தின் ஏபலும் டூவரும் கார்டைட்டைச் செய்தனர்; இரண்டும் ஒன்றே என்று நோபல் வழக்குத் தொடுத்து 1895இல் தோற்றார். வழக்கின் கதை நமக்கு வேண்டாம். கார்டைட் என்பது இடியாப்பம் பிழிவதுபோல் அச்சில் பிழிந்த நூல். அந்த நூல்களைக் கற்றையாகக் கட்டிப் பித்தளைக் கூட்டில் நுழைத்த பிறகே கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள். சூடு மிக்க மருந்து அது. அந்நாளைய லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் குழலில் இருந்த ஆழமற்ற வரிகளை அது விரைவில் அரித்துவிட்டது. ஆழமான வரிகளோடு 1895இல் வந்ததே நம் காவலர் கையில் நெடுங்காலம் இருந்த லீ-என்ஃபீல்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருவங்காட்டில் ஆலை எழுந்ததும் இந்தக் கார்டைட்டுக்காகவே. பெயர் "கயிறு" என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

ஆக, மாணவனுக்குச் சொல்ல வேண்டிய விடையில் ஒரு பாதி இதுவே: பட்டாசு மருந்து வேறு, இது வேறு. மறு பாதி இன்னும் முக்கியமானது. கருமருந்து எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தால் பெரிதும் மாறுவதில்லை. புகையற்ற மருந்து அப்படியன்று. அழுத்தம் ஏறினால் அது விரைவாக எரியும். விரைவாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். திறந்த வெளியில் சோம்பலாக எரியும் அதே பொருள், அடைபட்ட கூட்டுக்குள் வேறோர் இயல்பு கொள்கிறது.

இதை அறியாமல் அமெரிக்காவில் பல துப்பாக்கிகள் பிளந்தன. அந்நாட்டில் வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடுவோரும் சுட்ட பித்தளைக் கூட்டை எறிவதில்லை. கெட்டித்து மீண்டும் பயன்படுத்துவர். பாட்டன் காலம் முதல் மருந்தைச் சிறு கிண்ணத்தால் முகந்து அளப்பதே வழக்கம். புகையற்ற மருந்து வந்தபோது, அந்தக் கிண்ணத்துக்கு இசையும்படி பஞ்சுபோல் இலேசாகச் செய்த மருந்துகளும் விற்றன. அடர்த்தியாகச் செய்தவையும் விற்றன. அடர்த்தியானதைப் பழைய கிண்ணத்தால் முகந்தவன் தன்னை அறியாமல் அளவுக்கு மிஞ்சிய ஆற்றலைக் குழலில் அடைத்தான். முகத்தலளவை போய் நிறுத்தலளவை வந்தது இந்தப் பாடத்திற்குப் பின்பே. கிரெய்ன் என்னும் சிற்றளவால் நிறுத்தார்கள். நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். பழைய கிண்ணக் கணக்கு முற்றிலும் மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ரவைத் தோட்டாப் பெட்டிகளில் "இத்தனை டிராம் கருமருந்துக்குச் சமம்" என்ற குறிப்பை அந்நாட்டார் இன்றும் அச்சிடுகின்றனர்.

இனி நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது சின்னஞ்சிறு குழல். அமெரிக்கப் பண்ணைகளில் வுட்சக் என்றொரு விலங்கு உண்டு. பூனையளவு பருமன், நிலத்தில் வளை தோண்டி வாழும், பயிரைத் தின்னும். அதையும் காகத்தையும் தொலைவிலிருந்து சுடுவதற்கு, அங்குல நூற்றில் 22 பங்கு, அதாவது 5.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள துப்பாக்கிகளை விரும்பினர். 1920களில் வீலன், வாட்கின்ஸ் முதலிய இராணுவ அதிகாரிகள் ஓய்வு நேரப் பொழுதுபோக்காக, 1885இல் கருமருந்துக்கென வந்த ஒரு பழைய சிறு தோட்டாவை எடுத்து, அதில் புகையற்ற மருந்தை இட்டுச் சோதித்தார்கள். 1930இல் வின்செஸ்டர் கம்பெனி அதை "ஹார்னெட்" என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குளவி என்பது பொருள். வேடிக்கை என்னவென்றால், தோட்டா கடைக்கு வந்தபோது அதற்கென ஆலையில் செய்த துப்பாக்கி ஒன்றும் இல்லை. 45 கிரெய்ன் எடையுள்ள அதன் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 2400 அடி வேகத்தில் சென்றது. அதற்கு இசைந்த ஒரு மருந்துக்கு ஹெர்குலிஸ் கம்பெனி "2400" என்றே பெயர் சூட்டியது. 1935இல் வந்த "ஸ்விஃப்ட்" என்னும் தோட்டாவோ 4100 அடியை எட்டியது.

ஹார்னெட்டுக்கு ஏற்ற மருந்து ஸ்விஃப்ட்டுக்கு ஏன் ஆகாது? கணக்கைப் போட்டுப் பாருங்கள். விட்டம் பாதியானால் குழலின் வாய்ப்பரப்பு கால் பங்காகிறது. வாயு தள்ளிச் செல்லக்கூடிய வழி அவ்வளவு குறுகல். ஹார்னெட்டின் கூடு சிறியது. அதில் கொஞ்சம் மருந்தே அடங்கும். குண்டும் இலேசானது, சட்டென்று நகர்ந்து இடம் விடும். ஆகவே விரைவாக எரியும் மருந்து அங்கே பொருந்தும். ஸ்விஃப்ட்டின் கூடு பெரியது. வாயோ அதே வாய். பெரிய அண்டாவுக்குச் சிறிய மூக்கு வைத்ததுபோல. அங்கே விரைவு மருந்தைப் பெய்தால் வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் எல்லை கடக்கும். மந்தமான மருந்தே அதற்கு வேண்டும். குண்டின் எடை கூடினாலும் அப்படியே: கனமான குண்டு தயங்கி நகரும், அதற்கு மந்தமான மருந்து. வெயிலில் கிடந்த தோட்டா குளிரில் இருந்ததைவிட வேகமாக எரியும் என்பதையும் கெட்டிப்போர் கணக்கில் சேர்ப்பர்.

டூபாண்ட் கம்பெனி 1930களில் துளையுள்ள நுண்குழாய் வடிவ மருந்துகளை வரிசையாக வெளியிட்டது. ஒவ்வொரு மணிக்கும் மேலே ஒரு பூச்சு. முதற்கண நெருப்பை அது மட்டுப்படுத்தும். அவற்றுக்கு 4227, 4198, 3031, 4064 என எண்களே பெயர். எண்ணைப் பார்த்து வேகத்தை ஊகிக்கலாம் என்று நினைப்பவர் ஏமாறுவர். நான் சொன்ன வரிசைதான் விரைவிலிருந்து மந்தத்துக்குப் போகும் வரிசை. எண்களோ ஏறி இறங்குகின்றன. ஆகையால் கெட்டிப்பவர், மருந்து செய்வோர் சோதித்து அச்சிட்ட அட்டவணையைக் கைவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அரசாங்கத்திடம் மிஞ்சிய போர்மருந்தை டன் கணக்கில் வாங்கி, மேய்ச்சல் நிலத்தில் நிறுத்திய பழைய ரயில்பெட்டி ஒன்றில் சேமித்து, மலிவாக விற்றார். வேட்டைக்காரரின் ஓய்வுநேரச் சோதனைகள் அதனால் பன்மடங்கு பெருகின.

1950இல் ரெமிங்டன் கம்பெனி மற்றொரு சிறு தோட்டாவை வெளியிட்டது. வுட்சக் சுடுவோருக்கென்றே பிறந்த அத்தோட்டாவைச் சற்று நீட்டி, அதே பத்தாண்டின் இறுதியில் இராணுவத்துக்கான ஓர் இலேசான துப்பாக்கிக்குப் பொருத்தினர். வடிவமைத்தவர் யூஜீன் ஸ்டோனர். பின்னர் எம்-16 எனப் பெயர் பெற்றது அதுவே. சுடும்போது குழலிலிருந்து கொஞ்சம் வாயுவை ஒரு மெல்லிய குழாய்வழியே பின்னே அனுப்பி, அதன் வலிமையால் தானே வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பொறி. அதைச் சோதித்துச் செப்பனிட்டதெல்லாம் டூபாண்டின் 4475 என்னும் குழாய்வடிவ மருந்தைக்கொண்டு.

இராணுவம் குறிப்பிட்ட வேகத்தை, குறிப்பிட்ட அழுத்தத்துக்கு உட்பட்டு, பெருந்தொகையான உற்பத்தியில் அம்மருந்தால் எட்டுவது கடினமாயிற்று. 1964இல் டபிள்யூ-சி 846 என்னும் உருண்டை மருந்துக்கு அனுமதி அளித்தார்கள். உருண்டை மருந்து 1933இல் ஃபிரெட் ஓல்சன் கண்டது. நீருக்குள்ளேயே செய்யப்படுவதால் ஆபத்துக் குறைவு, செலவும் குறைவு. குண்டின் வேகம் சரியாக வந்தது; அழுத்தமும் எல்லைக்குள் நின்றது. காகிதத்தில் குற்றம் ஒன்றுமில்லை.

ஆனால் துப்பாக்கி காகிதத்தைப் படிப்பதில்லை. புதிய மருந்து சற்று மந்தமாக எரிந்தமையால், வாயு பிரியும் துவாரத்தருகே அழுத்தம் மிகுந்தது. நிமிடத்துக்கு 850க்குள் அடங்க வேண்டிய வேட்டுகள் 900, 1000 என ஏறின. பொறி வேண்டிய அளவுக்கு மேல் ஓடியது. மருந்து கெடாதிருக்கச் சேர்த்திருந்த சுண்ணாம்புச் சத்து படிந்து வாயுக்குழாயில் அடைப்பும் உண்டாயிற்று. அத்தோடு, தோட்டா அமரும் அறைக்குக் குரோமிய முலாம் இல்லை. வியட்நாமின் ஈரத்தில் அது துருப்பிடித்தது. இந்தத் துப்பாக்கியைத் துடைக்க வேண்டியதே இல்லை என்றொரு பேச்சும் பரவியிருந்ததால், பல வீரர்களுக்குத் துடைக்கும் கருவியே கிடைக்கவில்லை. 1966, 1967ஆம் ஆண்டுகளில், பகைவர் எதிரே நிற்கும்போது கூடு அறையில் சிக்கிக்கொண்டது. சிக்கிய துப்பாக்கியோடு இறந்து கிடந்தவர்களைப் பற்றி வீரர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினர். கடிதங்கள் காங்கிரஸ் சபைக்குப் போயின. இச்சார்டு என்னும் உறுப்பினரின் தலைமையில் அமைந்த குழு 1967 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. போதிய சோதனையின்றி மருந்தை மாற்றியதே தலையாய குற்றம் என்று அது கூறியது. என் கருத்தில் முலாமும் துடைக்கும் கருவியும் இல்லாமையும் அதற்குச் சற்றும் குறைந்த குற்றமன்று. ஆனால் மருந்தை மாற்றியவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. "குண்டு வேகமாகப் போகிறதா?" என்று கேட்டார்கள். "குண்டு போன பின் துப்பாக்கி என்ன செய்கிறது?" என்று கேட்கவில்லை.

அறைக்குக் குரோமிய முலாம் பூசினார்கள். பொறியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். துடைக்கும் முறையை விளக்கும் படக்கதைப் புத்தகம் ஒன்றை, புகழ்பெற்ற சித்திரக்காரர் வில் ஐஸ்னரைக்கொண்டு வரையச் செய்து வீரர்களுக்கு வழங்கினார்கள். சுண்ணாம்புச் சத்தைக் குறைத்துச் செய்த மருந்து டபிள்யூ-சி 844 என்ற எண்ணைப் பெற்றது.

பழைய 846 என்ன ஆயிற்று? அதே வகை மருந்தை ஹாட்ஜ்டனின் கம்பெனி பி-எல்-சி 2 என்ற பெயரில் வேட்டைக்காரருக்கு விற்றது. 844இன் வகையை எச் 335 என்ற பெயரில் விற்றது. வுட்சக் சுடுவோர் இரண்டையும் மனநிறைவோடு பயன்படுத்தினர். அவர்களிற் பெரும்பாலோருடைய துப்பாக்கியில் அடைத்துக்கொள்ள வாயுக்குழாய் கிடையாது. கையால் தாழை இழுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். மாலையில் வீடு திரும்பியதும் எண்ணெய்த் துணியால் குழலைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.